வேலுசாமியின் எண்பத்து மூன்று நாட்கள்

1989ஆம் வருடம் மார்ச் மாதம் அப்ரோஸ் பேகம் எம்.பி.பி.எஸ். தேறினாள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் ஒன்றில் மேஸ்திரியாக இருந்த சேக் முகைதீனுக்கு அவள் ஒரே மகள். தேறிவிட்டாள் என்பதால் டாக்டராகிவிட முடியாது. ஏதாவது ஒரு மருத்துவமனையில் ஒரு வருடம் பயிற்சி டாக்டராக வேலை பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் சேர்ந்துவிடவும் வேண்டும். மதுரையில் சேர்ந்திருக்கலாம். ஆனால் அவளுடைய அம்மா நூர்னிசா பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடமாகியிருந்தது. புரட்டிப் படுக்கவைக்க வீட்டில் வேறு ஆள் கிடையாது. அதனால் அரைமணி நேரப் பஸ் பயணத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த வெள்ளிவிழா தர்ம மருத்துவமனைக்கு விண்ணப்பித்தாள்.

அது பாதி அரசாங்கப் பணத்திலும் பாதி தர்மப் பணத்திலும் நடந்த மருத்துவமனை. அரசாங்கம் கேள்வி கேட்டால் தர்மம் என்றும், தர்மகர்த்தாக்கள் கேள்வி கேட்டால் அரசாங்கம் என்றும் பதில் சொல்லிப் பழகியிருந்தது. அங்கே பயிற்சி டாக்டர்களுக்கு ஆறு இடங்கள்.

"ஆறும் ஃபுல்லும்மா" என்றார் ஹெட் கிளார்க் மொக்கைச்சாமி.

"வார்டுல அஞ்சு பேரைத்தான் சார் பார்த்தேன்."

"ஆறாவது வேலுசாமி."

"அவர் எங்க சார்?"

மொக்கைச்சாமி வருகைப் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி, கடைசி வரியில் விரலை வைத்தார். "இந்தா இருக்காரே."

வெளியே வராந்தாவில் நின்று யோசித்துக்கொண்டிருந்தவளை ஆண்கள் வார்டு நர்ஸ் பாலம்மாள் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள். முப்பது வருட சர்வீஸ். எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாதவள்.

"அந்தப் பிள்ள செத்து நாலு மாசமாச்சு. காமாலைக்காரன் ஒருத்தனுக்கு ஊசி போடும்போது கையில குத்திக்கிட்டான். ரெண்டு மாசத்துல கண்ணு மஞ்சளாச்சு. எங்க வார்டுல ஏழாம் நம்பர் கட்டில்லதான் கெடந்தான். ஐப்பசி மாசம் போய்ட்டான். கண்ண மூடிவிட்டது நான்தான்."

"அப்ப பதிவேட்டுல இருக்காரே?"

"ஆபீஸ்ல மாசம் பொறந்ததும் முதல் நாளே முப்பது நாளுக்கும் வந்ததாக் குறிச்சிருவாக. நவம்பர் ஒம்போதாம் தேதி செத்தவன் முப்பதாம் தேதி வரைக்கும் டூட்டி பாத்துருக்கான்."

செத்த பிறகு இருபத்தொரு நாள் வேலை பார்த்திருந்த வேலுசாமி, டிசம்பர் முதல் தேதியிலிருந்து அனுமதியின்றி வராதவராகக் குறிக்கப்பட்டிருந்தார். அவருடைய பயிற்சி முடிய இன்னும் எண்பத்து மூன்று நாட்கள் பாக்கி இருந்தன.

அப்ரோஸ் கண்காணிப்பாளரைப் பார்க்கப் போனாள். டாக்டர் வடமலையப்பன் பொறுமையானவர். எதிரில் இருப்பவரின் பொறுமை தீரும்வரை பேசக்கூடியவர்.

"விதி எண் பதினாலைப் பாரும்மா. ஒரு இடம் மூணு வழியிலதான் காலியாகும். பயிற்சி முடியணும். இல்ல, ராஜினாமா கொடுக்கணும். இல்ல, ஒழுங்கு நடவடிக்கையில நீக்கணும். சாவுன்னு ஒரு வழி இதுல இல்லை."

"விதியில சேர்த்துக்கலாமே சார்."

"சேர்த்தா, இங்க வேலை பார்க்கிற டாக்டர் சாகலாம்னு நாமளே அனுமதி கொடுத்த மாதிரி ஆயிரும். இந்த ஆஸ்பத்திரியோட நாற்பத்து நாலு வருஷத்துல ஒரு டாக்டர் செத்ததா ரெக்கார்டு கிடையாது. நோயாளிகள் செத்திருக்காங்க. அது அவங்க நோயோட குறை. டாக்டர் செத்தா நிறுவனத்தோட குறை. வித்தியாசம் புரியுதா?"

"அவருக்கு ஊசி குத்தினதாச் சொல்றாங்களே சார்."

"இங்க இருக்கிற ஊசி எல்லாம் பதினோரு வருஷமா வேகவச்சு வேகவச்சு மொன்னையாப் போனது. நோயாளிக்கே இறங்க மாட்டேங்குது. டாக்டருக்கு எப்படி இறங்கும்? விபத்துப் பதிவேட்டை எடுத்துப் பாரு, ஒரு வரி கிடையாது. வாலிபப் பையன். குடிச்சிருப்பான். காமாலைன்னாலே குடிதானே."

மறுபடியும் வந்து நின்ற அப்ரோஸுக்காக அலுவலகம் ஒரு வழி கண்டுபிடித்தது. மூன்று வழிகளில் பயிற்சியை முடிக்க வேலுசாமியால் ஆகாது. ராஜினாமாவுக்குக் கையெழுத்து வேண்டும். எஞ்சியது ஒழுங்கு நடவடிக்கை. 'தாங்கள் டிசம்பர் முதல் பணிக்கு வராததற்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் நேரில் தெரிவிக்கவும்' என்று வ. புதுப்பட்டியில் இருந்த அவருடைய வீட்டு விலாசத்துக்கு நோட்டீஸ் போனது. பதில் இல்லாததால் இரண்டாவது போனது. மூன்றாவது ரிஜிஸ்டர் தபாலில் போனது. 'தங்கள் மௌனம் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகக் கருதப்படும்' என்று அதில் அடிக்கோடிட்டிருந்தது.

மே மாதம் விசாரணை நடந்தது. பாதிக்கப்பட்ட தரப்பு என்று அப்ரோஸையும் உட்காரவைத்தார்கள். வேலுசாமிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தது. பியூன் வாசலில் போய் நின்று "டாக்டர் வேலுசாமி" என்று மூன்று முறை கூப்பிட்டார். மூன்றாவது கூப்பாட்டில் ஒரு பெரியவர் எழுந்து உள்ளே வந்தார். வேலுசாமியின் தகப்பனார் சங்கையா. புதுப்பட்டியில் ஒன்றரைக் குறுக்கம் நெல் வயலும் பத்துத் தென்னையும் வைத்திருப்பவர். வத்திராயிருப்பு வந்து பஸ் மாறி வந்திருந்தார். மூன்று நோட்டீஸையும் மடிப்புக் கலையாமல் கையில் வைத்திருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு, அது மகனுக்குப் போட்டது என்று உட்காராமலே நின்றார்.

"உங்க மகன் ஏன் வரலை?" என்று கேட்டார் வடமலையப்பன். விசாரணை அதிகாரியும் அவர்தான்.

"செத்துப்போனான்யா. நீங்கதான பாத்தீக."

"நான் பார்த்தது கண்காணிப்பாளரா. இப்ப இருக்கிறது விசாரணை அதிகாரியா. ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது. இப்ப அவர் எங்க இருக்கார்?"

சங்கையாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க ஊரு ஓடைக்கரையில வச்சு எரிச்சோம்யா" என்றார்.

மொக்கைச்சாமி தட்டெழுத்தில் அடித்தார்: 'குற்றம் சாட்டப்பட்டவர் கடைசியாக வ. புதுப்பட்டி ஓடைக்கரையில் இருந்ததாகத் தந்தை தெரிவித்தார்.'

"இறப்புச் சான்றிதழ் இருக்கா?"

"அத நீங்கதானய்யா குடுக்கணும். இங்கதான செத்தான். ஆறு தடவ வந்து கேட்டுட்டேன்."

"நவம்பர் ஒம்போதுல செத்தார்னு நாங்க கொடுத்தா, பத்தாம் தேதி டூட்டி பார்த்தது யாருன்னு தணிக்கைக்காரன் கேப்பான். மத்த அஞ்சு பேரும் நெசமாவே வந்தாங்களான்னும் கேப்பான். ஒரு ஆளோட சாவுக்காக அஞ்சு பேர் வருகையைச் சந்தேகத்துக்கு உள்ளாக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

சங்கையா நோட்டீஸ்களை மேஜையின் மேல் வைத்தார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்யா. எம்மவன் ஊசி குத்தித்தான் செத்தான்னு ஒரு தாளுல எழுதிக் குடுத்துருங்க. சாராயத்துல ஈரல் வெந்து செத்தான்னு ஊருல பேசுதாக. பெரிய டாக்டரே சொன்னாராம்லா, அப்படிங்காக. அவன் காப்பிகூடக் குடிக்க மாட்டான்யா. டாக்டருக்குப் படிச்சவன் குடிகாரனாச் செத்தான்னு சொன்னா, அவன் ஆத்தா எப்படித் தண்ணி எடுக்கப் போவா?"

"அவர் இறந்தாராங்கிறதே இன்னும் முடிவாகலை. எதனால இறந்தார்ங்கிறது அதுக்கு அடுத்த கட்டம்" என்றார் வடமலையப்பன், பரிவோடு.

தீர்ப்பு அன்றே வந்தது. வேலுசாமி மேல் அதற்கு முன் எந்தப் புகாரும் இல்லை என்பதால் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. ஜூன் எட்டாம் தேதி வேலைக்குத் திரும்பி, மீதி எண்பத்து மூன்று நாட்களை முடிக்கும்படி உத்தரவானது.

சங்கையா போன பிறகு வடமலையப்பன் அப்ரோஸைக் கூப்பிட்டார். "உனக்கு ஆகஸ்ட் கடைசி வரைக்கும் ஒரு வேலையும் இல்லை. அவருக்கு வர வசதி இல்லை. அந்த எண்பத்து மூணு நாளை நீ பார்த்துரு. வேலுசாமின்னு கையெழுத்துப் போடு. அவர் முடிச்சதும் இடம் காலி. செப்டம்பர் ஒண்ணாம் தேதி நீ உன் பேர்ல சேரலாம்."

"நான் பொம்பளை சார்."

"வருகைப் பதிவேட்டுல ஆணா பெண்ணான்னு கலம் கிடையாதும்மா" என்றார் மொக்கைச்சாமி.

வீட்டில் சேக் முகைதீன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொறவாவது ஓம் பேருல கையெழுத்துப் போட விடுவாகளாம்மா?" என்று மட்டும் கேட்டார். நூர்னிசா பேச முடியாமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்ரோஸ் ஒரு தாளில் நாற்பது முறை வேலுசாமி என்று எழுதிப் பார்த்தாள். அவளுக்கு அந்த முகம்கூடத் தெரியாது.

ஜூன் எட்டாம் தேதி வேலுசாமி பணிக்குத் திரும்பினார். மொக்கைச்சாமி மாதிரிக் கையெழுத்து வாங்கி, பழையதை அகற்றிவிட்டு இதை ஒட்டிக்கொண்டார். அவர் திரும்பிய பிறகு வார்டுகளில் வேலை ஒழுங்காக நடந்தது. தென்னையிலிருந்து விழுந்தவரின் தொடையெலும்புக்கு வேலுசாமி கட்டுப் போட்டார். வத்திராயிருப்புப் பக்கமிருந்து கட்டுவிரியன் கடித்து வந்த பெண்ணின் தலைமாட்டில் பதினெட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். முக்காடு போட்ட வேலுசாமியை நோயாளிகள் 'வேலுசாமி டாக்டரம்மா' என்று கூப்பிட்டார்கள். யாரும் அதிசயப்படவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் அதைவிட அதிசயமான காரியங்களை அவர்கள் பார்த்திருந்தார்கள்.

முப்பத்தோராவது நாள், காமாலையோடு படுத்திருந்த லாரி டிரைவர் ஒருவருக்கு அவள் ஊசி போட்டாள். மொன்னை ஊசி தோலில் இறங்காமல் வளைந்தது. அழுத்தினாள். அந்த ஆள் வலியில் கையை உதற, ஊசி தெறித்து அவளுடைய கட்டைவிரலில் முழுதாக இறங்கியது.

பாலம்மாள் ஓடிவந்து விரலைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துப் பிதுக்கினாள். ஸ்பிரிட்டை ஊற்றினாள். பிறகு அப்ரோஸ் கையில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொன்னாள்.

மொக்கைச்சாமி மறுப்பார் என்றுதான் நினைத்தாள். அவரோ சந்தோஷப்பட்டார். போன வாரம்தான் தணிக்கையில் கேட்டிருந்தார்கள்: நாற்பத்து நாலு வருடமாக ஒரு வரிகூட எழுதாத பதிவேடு எதற்கு, உபயோகத்தில் இல்லையென்றால் திருப்பி ஒப்படைக்கவும் என்று. பதிவேட்டைக் காப்பாற்ற அவருக்கு ஒரு விபத்து தேவைப்பட்டது.

"குத்துனது யாருக்கு?" என்றார், பேனாவைத் திறந்துகொண்டே.

"எனக்கு சார்."

"நீங்க இங்க கிடையாதேம்மா. டூட்டியில இருக்கது வேலுசாமி."

பக்கம் ஒன்று, வரி ஒன்று: 'டாக்டர் ச. வேலுசாமி. காமாலை நோயாளிக்கு ஊசி போடுகையில் வலது கட்டைவிரலில் ஊசி குத்தியது.' வடமலையப்பன் பார்வையிட்டதாக அவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார் மொக்கைச்சாமி. தணிக்கைக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் கண்காணிப்பாளர் வரியைப் படிக்கவில்லை.

அப்ரோஸ் படித்தாள். ஒரு தகப்பன் ஆறு தடவை பஸ் ஏறி வந்து கேட்டுக் கிடைக்காத வரி அது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவள் கண்ணாடியின் முன்னால் கீழிமையை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். படுக்கையில் இருந்தபடி நூர்னிசாவும் பார்த்தாள். என்னவென்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. எழுபத்தொன்பதாம் நாள் ரத்தம் எடுத்து மதுரையில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பணியில் இருப்பவர் பெயரில்தான் அனுப்ப முடியும் என்பதால் குழாயின் மேல் 'வேலுசாமி, வயது 24, ஆண்' என்று எழுதி ஒட்டினார்கள்.

எண்பத்திரண்டாம் நாள் பாலம்மாள் கேட்டாள்: "நாளைக்கு வேலுசாமி முடிச்சிருவான். முடிச்சவன் எங்கயோ நல்லா இருக்கான்னு ஆயிரும். பொறவு எந்தக் காலத்துல அந்த மனுசனுக்குச் சர்டிபிகேட் குடுப்பாக?"

அப்ரோஸும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். "சாகுறதுக்கு முந்தி அவர் பயிற்சியை முடிச்சிரணும். இல்லைன்னா இடம் காலியாகாது."

"முடிச்ச கையோட சாகட்டும்" என்றாள் பாலம்மாள்.

ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி நண்பகல் பன்னிரண்டு மணிக்கு டாக்டர் வேலுசாமி பயிற்சியை முடித்தார். பன்னிரண்டரைக்குக் காமாலையோடு ஆண்கள் வார்டில் ஏழாம் நம்பர் கட்டிலில் சேர்க்கப்பட்டார். நாலு மணிக்கு இறந்தார். காரணம்: பணியின்போது ஊசி குத்தியதால் வந்த காமாலை. ஆதாரம்: விபத்துப் பதிவேடு, பக்கம் ஒன்று. பாலம்மாள் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக இறப்புப் படிவத்தின் எல்லாக் கலங்களையும் நிதானமாக, எழுத்துப் பிழையில்லாமல் நிரப்பினாள்.

மொக்கைச்சாமி படிவத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "இறந்ததை உறுதி செஞ்சது யாரு?"

"டூட்டி டாக்டர்" என்றாள் பாலம்மாள்.

"டூட்டி யாரு?"

"வேலுசாமி."

மொக்கைச்சாமி கொஞ்ச நேரம் மேலே சுழலும் விசிறியைப் பார்த்தார். பிறகு மாதிரிக் கையெழுத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போயின. முத்திரை குத்தினார்.

மறுநாள் காலை இரங்கல் கூட்டம். அதுவரைக்கும் இறக்காதவருக்கு இவ்வளவு சீக்கிரம் கூட்டம் ஏற்பாடானதில் எல்லாருக்கும் வியப்பு. ஆனால் வடமலையப்பன் தயாராக இருந்தார். பயிற்சியை முடித்த பிறகு செத்தது நிறுவனத்தின் குறை ஆகாது. சான்றிதழில் கையெழுத்துப் போட்ட பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பேசினார்.

"டாக்டர் வேலுசாமி எண்பத்து மூன்று நாளையும் ஒரு நாள்கூட விடாமல் பார்த்து முடித்துவிட்டுத்தான் இறந்தார். பாதியில் போகவில்லை. இதுதான் இந்த நிறுவனம் கற்றுக்கொடுத்த ஒழுக்கம். நடுவில் சில மாதம் அவர் வராமல் இருந்தது உண்மை. நாங்கள் மன்னித்தோம். மன்னிக்கப்பட்டவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அவர் உதாரணம். இங்கே இருக்கும் இளைய டாக்டர்கள் அவரைப் பின்பற்ற வேண்டும்."

இரண்டு நிமிடம் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அப்ரோஸும் நின்றாள்.

செப்டம்பர் முதல் தேதி அவள் தன் பெயரில் சேர்ந்தாள். முந்தைய எண்பத்து மூன்று நாட்கள் வேறொருவருடையவை என்பதால் முதல் நாளிலிருந்து கணக்கு ஆரம்பமாயிற்று.

சான்றிதழ் வாங்க வந்த சங்கையா, படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அவன் செத்தது ஐப்பசியில. இதுல ஆவணின்னு போட்டிருக்கே" என்றார்.

"அது உங்க கணக்கு. இது ஆபீஸ் கணக்கு" என்றார் மொக்கைச்சாமி.

சங்கையா அதற்குமேல் கேட்கவில்லை. ஊசி குத்தி என்று எழுதியிருக்கும் இடம் எது என்று மட்டும் கேட்டு, அந்த வரியில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார். புதுப்பட்டி டீக்கடையில் வாத்தியார் ஒருவரைக் கொண்டு அதை மூன்று நாள் சத்தமாக வாசிக்கச் செய்தார் என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து மதுரையிலிருந்து பரிசோதனை முடிவு வந்தது. அப்ரோஸ் அலுவலகத்துக்கு ஓடினாள். மொக்கைச்சாமி உறையைப் பிரிக்காமலே மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

"இது வேலுசாமிக்கு வந்ததும்மா. இறந்தவர் தபாலை வாரிசுக்குத்தான் குடுக்கணும்."

"அது என் ரத்தம் சார்."

"உறையில அப்படி எழுதலையே."

வாரிசுக்குக் கடிதம் போனது. நாலு நாள் அப்ரோஸ் வார்டில் நோயாளிகளின் கண்ணைப் பார்த்தாள், வீட்டுக்கு வந்து தன் கண்ணைப் பார்த்தாள். ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கையா ராஜபாளையத்துக்கு வீடு விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். ஆபீஸில் உறையை வாங்கப் போனபோது பாலம்மாள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். சேக் முகைதீன் போட்ட நாற்காலியில் இந்தத் தடவை உட்கார்ந்தார். வேட்டி மடியிலிருந்து உறையை எடுத்து நீட்டினார்.

"நான் பிரிக்கல தாயி. ஒனக்கும் குத்திட்டாமே."

அவள் பிரித்தாள். ஒரு தடவை படித்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணும் இல்லைய்யா" என்றாள். "கிருமி இல்லையாம்."

சேக் முகைதீன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். கட்டிலில் நூர்னிசாவின் நல்ல கை போர்வையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. சங்கையா, "நல்லதாப் போச்சு தாயி, நல்லதாப் போச்சு" என்றார். பிறகு, "அதுல என்ன எழுதியிருக்குன்னு முழுசாப் படி" என்றார்.

"பெயர், டாக்டர் ச. வேலுசாமி. வயசு இருபத்து நாலு. ரத்தத்தில் காமாலைக் கிருமி இல்லை."

"இன்னொரு தடவ படி."

அவள் படித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எம்மவனுக்கு ஒண்ணும் இல்லன்னா போட்டிருக்கு?"

"ஆமாய்யா."

"இத ஆபீஸ்ல பாத்தா அந்தச் சர்டிபிகேட்டத் திருப்பிக் கேப்பாகளோ? நோயே இல்லாதவன் எப்படிச் செத்தாம்பாகளோ?"

அப்ரோஸ் யோசித்துப் பார்த்தாள். "கேட்டாலும் கேப்பாங்க."

"அப்பம் அவிய கண்ணுல காட்டக்கூடாது" என்றார் சங்கையா. தாளை அவளிடமிருந்து வாங்கி, மடிப்பு விழுந்த இடத்திலேயே மறுபடி மடித்தார். அவளுக்கு ஒன்றும் இல்லை என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே தாள் அது. அவள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

"இது எங்கிட்டயே இருக்கட்டும் தாயி" என்றார். "அவன் ஆத்தாகிட்ட படிச்சுக் காட்டணும்."